கைமணம்

கொத்தவரங்காய் தீய்ந்துகொண்டிருந்தபோது ஆதிலட்சுமி அடுப்புக்கு இரண்டடி தள்ளி, பின்வாசல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, மகளின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து அன்றைக்குத்தான் மறுபடி அடுப்பு மூட்டியிருந்தாள். அறுபத்தெட்டாம் வருஷக் கார்த்திகை அது. செஞ்சியில் வீட்டுக்கு ஒருவராவது அந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார்கள். முழங்காலில் இன்னும் தெம்பு கூடவில்லை. ஆனாலும் இத்தனை நாள் கைகள் சும்மா கிடந்ததில் அவளுக்கு ஒரு தவிப்பு. நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து ஜெயம் ஓடிவந்தாள்.

"அம்மா, இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற? தெருவரைக்கும் தீயற நாத்தம் வருது!"

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். வாணலியிலிருந்து கரும்புகை கூரை ஓட்டின் இடுக்கு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. காய் முழுக்கக் கரியாகியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையில் ஒரு கடுகு கருகியதில்லை. கடுகு கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் மூக்கு அவளை எழுப்பிவிடும். அடுத்த வீட்டில் பால் பொங்கினால்கூட இங்கிருந்து குரல் கொடுப்பாள்.

"அசந்துட்டேன்டி. காய்ச்சல் அசதி" என்றாள்.

ஜெயம் போன பிறகு கொல்லைக்குப் போய்க் கறிவேப்பிலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். எலுமிச்சை இலையைக் கிள்ளிப் பார்த்தாள். சாக்கடைப் பக்கம் போய் நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள். காற்று தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. காற்று மட்டும்தான் போய் வந்தது. மத்தியானம் ரசத்தை வாயில் விட்டபோது புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, காரம் நாக்கைச் சுட்டது. மூன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன. ரசம் அதில் இல்லை.

சளி இருக்கும், நாலு நாளில் சரியாகும் என்று இருந்தாள். மார்கழியும் வந்தது. தலைசுற்றல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். "காய்ச்சல் விட்டுட்டுப் போன மிச்சம்மா அது. தானா வந்தா வரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த 'வந்தா' என்ற ஒரு சொல்லை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள்.

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருக்காது. அவளுக்குப் பாட்டு வராது. நாலு பேர் கூடின இடத்தில் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. அடுப்பங்கரையும் அதை ஒட்டிய சிறிய அறையில் ஜன்னலோரம் இருந்த கைத் தையல் மிஷினும்தான் அவள் உலகம். அதை அவள் வேலை என்று நினைத்ததே இல்லை. கணவர் சொக்கலிங்கம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். புதிதாக மூட்டை பிரித்தால் ஒரு பிடி எடுத்துவந்து, "இந்தா, இந்த வருஷத்துக் கொள்ளு" என்று வைத்துவிட்டுப் போவார். அதை என்ன செய்யலாம் என்று அவள் ஒரு மத்தியானம் முழுக்க யோசிப்பாள். மல்லாட்டைக் கடலையை வறுத்து மாங்காயோடு சேர்த்து அரைத்துக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும்? பனங்கிழங்கை மாவாக்கி அடை தட்டினால்? தைக்கும்போது சமையலை யோசிப்பாள். சமைக்கும்போது, நேற்று வெட்டிய பாவாடைக்கு எந்தக் கரை பொருந்தும் என்று யோசிப்பாள். இரண்டுக்கும் நடுவில் நாள் நழுவிப் போவதே தெரியாது. சொக்கலிங்கம் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னவரில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார், அவ்வளவுதான். அந்த இன்னும் கொஞ்சம் சோறு நின்றுபோய்விடுமோ என்றுதான் அவள் பயந்தாள்.

அதனால் அவள் தைப்பதைப்போலச் சமைக்கத் தொடங்கினாள். துணிக்கு அளவு உண்டு, தப்பாது. மல்லி வறுக்கும்போது காவி நிற நூல்கண்டு ஒன்றை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மல்லி அந்தக் காவி நிறத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். வெந்தயத்துக்கு அதைவிட அடர்ந்த நிறத்தில் ஒரு கண்டு. துவரம்பருப்புக்கு வெளிர் மஞ்சள். பருப்பு வெந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பொடி வகைகளைக் கரண்டியின் நுனி மட்டத்துக்கு வழித்துப் போட்டாள். குழம்பு கொதிக்கும் சத்தத்தை எண்ணிக்கை வைத்துக் கேட்டாள். அந்தக் கணக்கு மறக்காமலிருக்க, துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டால் அடுப்புக்கு மேலே சுவரில் சிறிய கோடுகள் இழுத்தாள். ஜெயம் ஒருநாள், "இன்னாம்மா, நூல்கண்டுங்க இங்க வந்து உக்காந்துக்கினு இருக்குது?" என்று கேட்டதற்கு, "அங்க எலி கடிக்குதுடி" என்று சொல்லிச் சமாளித்தாள். சொக்கலிங்கம் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பரிமாறினாள்.

பிழைத்துக்கொண்டாள் என்றாலும் அது பழைய சமையல் இல்லை. அளந்து போட்டு இறக்குவதில் என்ன இருக்கிறது? புதிதாக எதையும் செய்து பார்க்கப் பயமாக இருந்தது. தெரிந்த வழியிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். அடுப்பில் செத்துப்போன அந்த விளையாட்டு, எப்படியோ ஊசிக்கு வந்து சேர்ந்தது. தை மாதம் துணித் துண்டுகள் கிடந்த மூட்டையைப் பிரித்து ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தாள். அளக்கவில்லை, கோடு போடவில்லை. மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிப்பூத் துண்டு, அதன் ஓரத்தில் பொடியாக ஒரு பச்சை. கை தானாகப் போய் எடுத்தது. முன்பெல்லாம் உப்பும் புளியும் எடுக்க அது அப்படித்தான் போகும். வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கும்வரை குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். முடிச்சுப் போட்டு நிமிரும்போது ஒரு கணம் மனசு நிறைந்திருக்கும். அடுத்த கணம், ராத்திரிக்கு என்ன வைப்பது என்ற பயம் வந்து உட்காரும்.

மாசி மாதம் சொக்கலிங்கத்தின் தங்கை ராஜம்மாள் அவலூர்பேட்டையிலிருந்து வந்தாள். ஒற்றைத் தங்கை. அவள் கணவர் அங்கே தானிய மண்டி வைத்திருந்தார். தன் மகன் விநாயகத்துக்கு ஜெயத்தைக் கேட்டுத்தான் வந்திருந்தாள். கேட்டு என்று சொல்வதுகூடச் சரியில்லை. முறைப் பெண், கேட்க என்ன இருக்கிறது? பங்குனியில் நல்ல நாள் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வருவதாகச் சொல்லிவிட்டு, ஜெயத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஆதிலட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. போன வருஷம் தைக்கு அவலூர்பேட்டைக்குப் போயிருந்தபோது ஒன்றைப் பார்த்திருந்தாள். விநாயகம் சாப்பிட உட்கார்ந்தான். சாம்பாரில் ஒரு கல் உப்பு குறைவு. தட்டை எடுத்து அப்படியே சுவரில் அடித்தான். ராஜம்மாள் சிரித்துக்கொண்டே குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினாள். "அவங்க அப்பா மாதிரியே கோவம், அண்ணி" என்றாள். அந்தக் கோபத்தைவிட அந்தச் சிரிப்புதான் ஆதிலட்சுமியை அதிகம் பயமுறுத்தியது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் கணவரிடம் சொன்னாள்.

"அந்தப் பையனுக்கு ஜெயத்தக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க."

"ஏன்?"

தட்டு விஷயத்தைச் சொன்னாள். சொக்கலிங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"வயசுப் பையன். ஒரு கண்ணாலம் ஆனா அடங்கிடுவான். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. அவ வந்து கேட்டு நான் இல்லன்னு சொல்லட்டுமா?"

"ஜெயத்தக் கேட்டீங்களா?"

"அத இன்னா கேக்கறது?"

ஜெயம் பக்கத்து அறையில் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் அன்றைக்குத் தைத்த ரவிக்கையில் ஒரு கை உள்வெளி மாறி இருந்தது. தாய் அதைப் பார்த்தாள். தானே பிரித்துக் கொடுத்தாள்.

பங்குனி வெயில் அந்த வருஷம் முன்கூட்டியே ஏறிவிட்டது. கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை ஊருக்குள் துப்பிக்கொண்டிருந்தன. வருகிறவர்களுக்குப் போளி செய்ய வேண்டும் என்று சொக்கலிங்கம் சொல்லியிருந்தார். வேலை தலைக்கு மேல் இருந்ததால் கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பூரணத்தை முதல் நாள் மத்தியானமே கிளறி மூடிவைத்தாள். காலையில் திறந்து பார்த்தாள். நிறம் சரியாக இருந்தது. தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. பாகு கொஞ்சம் இளம்பதமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். சாமிக்குப் படைக்க வேண்டியதை வாயில் போட்டுப் பார்க்க முடியாது. மோந்து பார்க்க அவளுக்கு மூக்கில்லை. மாவில் வைத்துத் தட்டினாள். ஒவ்வொன்றும் வட்டமாக, நிலவுபோல, ஓரம் பிசகாமல் வந்தது. ஜெயம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். அடுப்பங்கரைப் பக்கம் அன்றைக்கு அவள் வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பத்து மணி பஸ்ஸில் ராஜம்மாளும் விநாயகமும் உறவில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். பேச்சு முடிந்து இலை போட்டார்கள். தட்டு மாற்றிக்கொள்வது சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்திருந்தார்கள். ஆதிலட்சுமி போளியை வைத்து, ஜாடியிலிருந்து நெய்யை எடுத்துத் தாராளமாக மேலே ஊற்றினாள்.

விநாயகம்தான் முதலில் விண்டு வாயில் போட்டான். போட்டவன் அப்படியே இலையில் துப்பினான். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். ராஜம்மாள் ஒரு துண்டைக் கடித்து, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தம்ளர் தண்ணீரை எடுத்து இலையிலேயே கையைக் கழுவினாள்.

"ஊசிப்போனத வெச்சி, அது மேல வெளக்கு நெய்ய ஊத்தியிருக்கறீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாம், அண்ணி. நான் இன்னா அசலா? இந்த வூட்ல பொறந்தவதானே."

அவள் கண் கலங்கியிருந்தது. ஆதிலட்சுமி கையில் நெய்க் கரண்டியோடு நின்றாள். என்ன நடந்தது என்று விளங்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியிருந்தார்கள். சொக்கலிங்கம் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினார்.

திரும்பி வந்தவர் நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். இரண்டு நெய் ஜாடிகளும் மேலும் கீழுமாகத் தட்டில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி பழுப்புப் பீங்கான். கடையில் டின் அடியில் தேங்கிக் காறல் அடித்துப்போன நெய்யை விளக்குக்கு ஆகும் என்று ஒன்றில் ஊற்றி வைப்பது வழக்கம். அவர் ஒரு விரலைத் தொட்டு மோந்தார். மற்றதைத் திறந்தார். நல்ல நெய் கழுத்துவரை அப்படியே இருந்தது, கரண்டி படாமல்.

"பத்து நாளைக்கு முன்னாடி காய்ச்சின நெய்யி. நானே எடுத்தாந்து குடுத்தேன்" என்றார். "தெரியாம நடந்துச்சின்னு மட்டும் சொல்லாத. உன் மூக்கு எனக்குத் தெரியாதா? பக்கத்து வூட்டு மோர் புளிச்சா இங்கேருந்து சொல்றவ நீ."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள்.

"ராஜம்மா இன்னமே இந்த வூட்ல கை நனைக்கமாட்டாளாம்" என்றார் அவர். "சம்மந்தமும் வேணாமாம். சொல்லிட்டா."

அவருக்குப் பின்னால் நிலைக்கதவில் ஜெயம் நின்றிருந்தாள், தலை நிறையப் பூவோடு. அந்த வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் தோள்கள் தளர்ந்து இறங்கியதை ஆதிலட்சுமி பார்த்தாள். ஒன்றரை மாதமாக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடமாடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தாய்க்குத் தெரிந்தது. மூக்கு போன கதையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே இவர் அவலூர்பேட்டைக்குப் போவார். ராஜம்மாளும் நல்லவள்தான், அழுதுவிட்டு மன்னித்துவிடுவாள். வெற்றிலை பாக்கு மாறிவிடும்.

ஆதிலட்சுமி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சொக்கலிங்கம் வீட்டில் சாப்பிடவில்லை. காலையில் குளித்துவிட்டுக் கடைக்குப் போவார். பகலுக்கும் ராத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் முடித்துக்கொண்டு வருவார். குடிதண்ணீரை மட்டும் தானே மொண்டு குடிப்பார். சண்டை போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கு மட்டும் உலை வைக்கும்போது அரிசி அளக்கும் கை தானாக மூன்றாவது ஆழாக்குக்குப் போய், நின்று, திரும்பியது. கோயிலில் பார்த்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் வருஷா வருஷம் அவள் போகிற பிரசாத வேலைக்கு அந்தச் சித்திரையில் அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஜெயத்துக்கு மட்டும் அம்மா மேல் என்றுமில்லாத ஒட்டுதல் வந்தது. ஒரு மத்தியானம் அந்தப் போர்வையின் அந்தப் பக்கத்தில் அவளும் ஊசியோடு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தைத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்காகத்தான் பண்ணேன்னு எனக்குத் தெரியும்மா."

"இன்னாத்த?"

"போளிய. நைனாவ எதுத்து ஒரு வார்த்த பேசாம, ஒரு போளியிலயே முடிச்சிட்டியே. நானா இருந்தா அழுதுக்கினு கழுத்த நீட்டியிருப்பேன்."

ஆதிலட்சுமிக்கு ஊசி விரலில் ஏறியது. இல்லடி, எனக்கு ஒண்ணும் தெரியாதுடி என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பெருமையை உடைக்க மனம் வரவில்லை. தனக்குச் சேராத ஒன்றை யாரோ மடியில் வைத்துவிட்டுப் போனதுபோல உட்கார்ந்திருந்தாள். பிறகு தனியாக இருக்கும்போது வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. நல்ல நெய் மேல்தட்டில், கண்ணுக்கு நேரே இருந்தது. விளக்கு நெய் கீழ்த்தட்டில். அன்றைக்கு அவள் குனிந்துதான் எடுத்தாள். ஏன் குனிந்தாள்? அவசரமா? மேலே கை எட்டாத அளவுக்கு அசதியா? இல்லை, அவளுக்குத் தெரியாமல் அவள் கைக்குத் தெரிந்திருந்ததா? எத்தனை முறை அந்தக் காலையை மனசுக்குள் நடந்து பார்த்தாலும், குனிந்த இடத்தில் வந்து இருட்டாகிவிடும். அவர் நினைப்பது முழுப் பொய் என்று அவளால் சாமி முன்னால் நின்று சொல்ல முடியாது போலிருந்தது.

ஆனி கடைசியில் பத்திரிகை வந்தது. விநாயகத்துக்கு வல்லத்தில் பெண் அமைந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். சொக்கலிங்கம் பத்திரிகையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு நின்றார். முகத்தில் கோபம்கூட இல்லை, வயதுதான் தெரிந்தது. வல்லத்துப் பெண்ணை ஆதிலட்சுமி பார்த்ததில்லை. சாம்பாரில் உப்பு போடும் ஒரு கை மட்டும் மனசில் வந்துபோனது. அதை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

இனிச் சொல்லலாம். சொன்னால் ஜெயத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வெள்ளிக்கிழமை பகலில், அவர் மேல்துண்டு மாற்ற வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். ஜெயம் பக்கத்து அறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். போர்வை ஆதிலட்சுமியின் மடியில் கிடந்தது.

"எனக்கு வாசன தெரியலீங்க. நல்லதும் தெரியல, கெட்டதும் தெரியல."

"இன்னாது?"

"காய்ச்சல்லேர்ந்து. கார்த்திகையிலேர்ந்து எதுவும் தெரியல. அன்னிக்கி அது ஊசிப்போனது எனக்குத் தெரியாது."

அவர் துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எட்டு மாசமா?"

"ஆமா."

"பங்குனி வரைக்கும் நீ சமைச்சத நான் துன்னுருக்கறேன். ஒரு நாள் ருசி மாறல. இப்ப ராஜம்மா பையனுக்குப் பொண்ணு முடிவானப்புறம் உனக்கு மூக்கு போயிடுச்சா?"

அவள் எழுந்து போய் அடுப்பங்கரையிலிருந்து நூல்கண்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இது மல்லிக்கு, இது வெந்தயத்துக்கு, இது பருப்புக்கு என்று சொன்னாள். சுவரில் இருந்த கோடுகளைக் காட்டினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒரு கட்டுக்கதைபோல ஒலித்தது. அவர் காவி நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். கீழே வைத்தார். படி இறங்கிப் போனார்.

அவ்வளவுதான் என்று நினைத்து அவள் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தாள். அரைமணி நேரம் போயிருக்காது. அவர் திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். மடித்த துண்டுக்குள் காகிதப் பொட்டலங்கள். அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ண மூடு" என்றார்.

மூடிக்கொண்டாள். காகிதம் சரசரத்தது. மூக்கின் கீழே ஏதோ வந்து நின்றது.

"இது இன்னா?"

"தெரியல."

"நல்லா இழு."

"தெரியலீங்க."

"ஏலக்கா" என்றார். அடுத்த பொட்டலம் பிரிந்தது. "இது?"

"தெரியல."

"பெருங்காயம். கட்டிப் பெருங்காயம்டி. மூடியத் தொறந்தா கடைத்தெருவுக்கே தெரியும்." குரலில் அதட்டல் குறைந்திருந்தது. மூன்றாவதுக்கு அவளுக்குத் தும்மல் வந்தது. "எரியுது. இன்னாதுன்னு தெரியல" என்றாள். நான்காவது மூக்குக்குள் சில்லென்று ஏறியது. அவள் முகம் மாறியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"தெரியுது பாரு! மூஞ்சி சொல்லுது!"

"குளிர்ச்சி தெரியுது. வாசன இல்ல."

"கற்பூரம்" என்றார் அவர் மெதுவாக. பொட்டலத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. நம்பினாரா, இல்லையா? கண்ணை மூடிக்கொண்டிருப்பவளுக்குக் குரலை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து அறையில் மிஷின் நின்றுவிட்டிருந்தது. ஜெயம் கதவருகே வந்து நிற்கிறாளா, எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எதையெல்லாம் கேட்டாள் என்பதும் தெரியவில்லை.

அடுத்ததற்குக் காகிதம் சரசரக்கவில்லை. வெறுமனே, மேலுதட்டுக்கு மேலே ஒரு வெதுவெதுப்பு வந்து நின்றது. நெருங்கியது.

"இது?" என்றார்.

அவருடைய கை. விரிந்த உள்ளங்கை. மல்லியும் மஞ்சளும் மிளகும் அள்ளி அள்ளி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கடை வாசனை ஏறிய கை. கல்யாணமான புதிதில், தூங்குபவரின் கையைத் தன் கன்னத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு அவள் மோந்ததுண்டு. காய்ச்சலுக்குப் பிறகு அடுப்பைப் பற்றியும் ஜெயத்தைப் பற்றியும் பயந்துகொண்டே இருந்ததில், அதுவும் போய்விட்டது என்பதை இந்தக் கணம் வரைக்கும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கை என்று சொல்லலாம். சூட்டில் தெரிந்தது என்று சொல்வதற்குள், வாசனையில்தான் தெரிந்தது என்று நினைத்து அவர் எழுந்துவிடுவார். தெரியவில்லை என்றும் சொல்லலாம். இன்றைக்கு அவள் சொல்லும் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. ஆதிலட்சுமி கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விட்ட மூச்சு அந்த உள்ளங்கையில் பட்டு, இளஞ்சூடாக, அவள் முகத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.